புலியின் காலை எண்ணுங்கள்!

சென்ற ஆடி மாதம் லேப்டாப்பை எடுத்துக் கொண்டு இருக்கன்குடிக்குப் போனேன். அங்கே 78 வயது ஆட்டக்காரர் ஒருவரிடம் வரிசையாக ஏழு முறை தோற்றேன். தோற்றது நான் எழுதிய புரோகிராம். ஜெயித்தது என் அப்பத்தா. விளையாட்டு, ஆடு புலி ஆட்டம்.

அப்பத்தா வீட்டுத் திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்த கட்டம் எப்போதும் இருக்கும். அழிய அழிய மேலேயே வரைந்து, கோடுகள் விரல் தடிமனுக்கு வந்துவிட்டன. ஆடுகளுக்குப் புளியங்கொட்டை, புலிகளுக்குக் கூழாங்கல். எதிர் வீட்டில் இருந்த அவருடைய கூட்டாளி இரண்டு வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார். அதன் பிறகு எதிராளி கிடையாது. தெருவில் மற்றவர்களுக்கு நேரமில்லை, பேரப் பிள்ளைகள் கையில் செல்போன். நான் சென்னையில். 'அப்பத்தாவுக்கு விளையாட ஒரு ஆளை நாமே செய்து கொடுத்தால் என்ன?' என்று தோன்றியதால்தான் இந்தப் புரோகிராம். சர்க்கரை நோயால் அவருக்குப் பார்வை மங்கல். லேப்டாப் திரையைப் பார்த்தால் கண் கூசுகிறது என்பார். ஆகவே அவர் திண்ணையில் காயை நகர்த்த, நான் அதைத் திரையில் நகர்த்த, கம்ப்யூட்டரின் பதிலைத் திரும்பவும் நானே திண்ணையில் வைப்பேன். இன்ஜினியரிங் படித்ததற்குக் கிடைத்த வேலை!

கட்டத்தை வரைந்து கொள்வோம்

ஒரு முக்கோணம் வரையுங்கள். உச்சியில் இருந்து அடிக் கோட்டுக்கு நடுவில் இன்னும் இரண்டு கோடுகள் இழுங்கள். பக்கக் கோடுகளையும் சேர்த்தால் உச்சியில் இருந்து நான்கு கோடுகள் இறங்கும். அடிக் கோட்டுக்கு மேலே குறுக்காக மூன்று கோடுகள் போடுங்கள். மூன்றும் ஒரே நீளமாக, முக்கோணத்துக்கு வெளியே இருபுறமும் நீண்டிருக்க வேண்டும். நீண்ட முனைகளை இடது பக்கம் ஒரு கோட்டாலும், வலது பக்கம் ஒரு கோட்டாலும் இணைத்து விடுங்கள். கோடுகள் சந்திக்கும் புள்ளிகள்: உச்சியில் 1, குறுக்குக் கோடுகளில் ஆறு ஆறாக 18, அடியில் 4. மொத்தம் 23. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பெயிண்ட் புரோகிராமைத் திறந்து, ஷிப்ட் கீயை அழுத்திக் கொண்டு கோடு இழுத்தால் குறுக்குக் கோடுகள் வளையாமல் நேராக வரும். பிரிண்ட் எடுத்துக் கொண்டால் இந்தக் கட்டுரையைப் படிப்பதும் சுலபம்.

புலி 3, ஆடு 15. எங்கள் வீட்டு வழக்கப்படி புலிகள் முதலில் உச்சியிலும், மேல் குறுக்குக் கோட்டின் நடுவில் உள்ள இரண்டு புள்ளிகளிலும் உட்காரும். ஆட்டுக்காரர் முறைக்கு ஓர் ஆடாக வெளியே இருந்து வைப்பார். ஒவ்வோர் ஆட்டுக்கும் பதிலாக ஒரு புலி, கோட்டின் வழியே பக்கத்துக் காலிப் புள்ளிக்கு நகரும். பக்கத்தில் ஆடு இருந்து, அதே நேர்கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால், புலி தாவி அந்த ஆட்டைத் தின்னலாம். தின்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 15 ஆடுகளையும் இறக்கும் வரை ஆடுகள் நகரக் கூடாது. இறக்கிய பிறகு முறைக்கு ஒன்றாக அவையும் நகர வேண்டும். மூன்று புலிகளும் அசைய முடியாமல் பூட்டப்பட்டால் ஆட்டுக்கு வெற்றி. பூட்டுவதற்குப் போதிய ஆடு இல்லாமல் போனால் புலிக்கு வெற்றி. ஆந்திராவில் இதைப் புலிஜூதம் என்கிறார்கள். ஊருக்கு ஊர் விதிகள் கொஞ்சம் மாறும். பழைய கோவில்களின் கல் தரையில் இந்தக் கட்டம் செதுக்கியிருப்பதை நீங்களும் பார்த்திருக்கலாம்.

கம்ப்யூட்டர் எப்படி யோசிக்கிறது?

கம்ப்யூட்டருக்குத் தந்திரம் எல்லாம் தெரியாது. 'நான் இதைச் செய்தால் அவன் என்ன செய்வான், அதற்கு நான் என்ன செய்வேன்' என்று எல்லா வழிகளையும் போட்டுப் பார்க்கும். முதல் ஆட்டை வைக்க 20 காலிப் புள்ளிகள். ஆரம்ப நிலையில் மூன்று புலிகளுக்கும் சேர்த்து 6 நகர்வுகள். ஆக, ஒரு சுற்றுக்குத் தோராயமாக 120 வழிகள். இரண்டு சுற்றுக்கு 14,400. மூன்று சுற்றுக்கு 17 லட்சத்தைத் தாண்டும். நான்காவது சுற்றில் 20 கோடி! 1997-ல் செஸ் சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்த ஐ.பி.எம்.மின் டீப் ப்ளூ, நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது. நான் எழுதியது பைதான் மொழியில். என் லேப்டாப் அதில் நொடிக்குச் சில பத்தாயிரம் நிலைகளைப் பார்த்தாலே பெரிய விஷயம்.

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. கடையில் ஐந்தாறு பாக்கெட் சாத்தூர் சேவு இருக்கிறது. ஒரு பாக்கெட்டைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டதும் சிக்கு வாடை அடிக்கிறது. மிச்சத்தையும் தின்று பார்த்தா அந்தப் பாக்கெட் வேண்டாம் என்று முடிவு செய்வீர்கள்? அதே போல், ஒரு நகர்வுக்கு எதிராளியிடம் ஒரே ஒரு மோசமான பதில் இருப்பது தெரிந்தால் போதும், அந்த நகர்வின் மற்ற கிளைகளைப் பார்க்காமல் விட்டுவிடலாம். இதை ஆல்பா-பீட்டா வெட்டு என்பார்கள். இது இல்லாவிட்டால் என் புரோகிராம் ஓர் ஆட்டை வைப்பதற்குள் அப்பத்தா தூங்கிப் போயிருப்பார்.

எவ்வளவு வெட்டினாலும் ஓர் இடத்தில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்திய இடத்தில், 'இந்த நிலை யாருக்குச் சாதகம்?' என்று ஒரு மதிப்பெண் போட வேண்டும். என் தவறு இங்கேதான் ஆரம்பித்தது. உயிரோடு இருக்கும் ஒவ்வோர் ஆட்டுக்கும் 1 மதிப்பெண் என்று எழுதியிருந்தேன். ஆடு சாகாமல் இருந்தால் ஆட்டுக்கு நல்லதுதானே? யாருக்குத்தான் அப்படித் தோன்றாது!

சாகாத ஆடுகள் தோற்ற கதை

கம்ப்யூட்டர் சொன்னதை அப்படியே செய்தது. படத்தை எடுத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் இருக்கும் செவ்வகத்தின் நான்கு மூலைகள், அடிக் கோட்டின் இரண்டு முனைகள் ஆகிய ஆறு புள்ளிகளில் உட்கார்ந்த ஆட்டைப் புலியால் தாண்டவே முடியாது. ஏனென்றால் அந்தப் புள்ளிகளில் எல்லாக் கோடுகளும் முடிந்து விடுகின்றன, அந்தப் பக்கம் குதிக்க இடமில்லை. ஆறையும் நிரப்பிவிட்டால், இடது ஓரத்தின் நடு, வலது ஓரத்தின் நடு, அடிக் கோட்டின் நடுவில் இரண்டு என்று இன்னும் நான்கு புள்ளிகள் பத்திரமாகின்றன. மொத்தம் பத்து ஆடுகள். அதற்கு மேல், கீழ்க் குறுக்குக் கோட்டின் நான்கு உள்புள்ளிகளை ஓரத்தில் இருந்து நிரப்பிக் கொண்டு வந்தால் அவற்றுக்கும் ஆபத்தில்லை. முதுகுக்குப் பின்னால் எப்போதும் இன்னொரு ஆடு இருக்கும். புரோகிராம் இதையெல்லாம் தானாகவே கண்டுபிடித்தது. முதல் ஆட்டத்தில் அது கோட்டை மாதிரி சுவர் எழுப்பியதைப் பார்த்து நான் பூரித்துப் போனேன்.

அப்பத்தா பூரிக்கவில்லை. புலிகளை நடுவில் இங்கும் அங்குமாக அலைய விட்டுக் கொண்டிருந்தார். எதையும் தாக்கவில்லை. 15-வது ஆடும் இறங்கியது. அடுத்த முறையில் ஆடு ஒன்று நகர்ந்தாக வேண்டுமே! சுவரில் எந்த ஆடு நகர்ந்தாலும் அதன் இடம் ஓட்டை. ஓட்டை விழுந்தால் பக்கத்து ஆட்டின் முதுகு காலி. அப்பத்தா அதற்குத்தான் காத்திருந்தார். அடுத்தடுத்து ஐந்து ஆடுகள் போயின. ஏழு ஆட்டங்களிலும் கதை ஏறக்குறைய இதுதான். கம்ப்யூட்டர் நான்கைந்து நகர்வு முன்னே பார்க்கிறது, ஆனால் சுவர் உடைய வேண்டிய நாள் அதையும் தாண்டி இருக்கிறது.

ஏழாவது முறை தோற்றதும் அப்பத்தாவுக்கே அலுத்துவிட்டது.

"ஏ அய்யா, இது ஆட்டை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கு. ஆட்டை எண்ணுறவன் ஜெயிக்க மாட்டான். புலியோட கால எண்ணச் சொல்லு."

"அதுக்கு ஏது அப்பத்தா காலு?"

"எத்தனை பக்கம் அது எட்டு வைக்க முடியுதோ அத்தனை காலு."

விளையாட்டுப் புரோகிராம் எழுதுகிறவர்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்து கொள்ளும் விஷயம் இது. எதிராளிக்கு மிச்சமிருக்கும் நகர்வுகளை எண்ணுவது. கல்லூரியில் நானும் படித்திருந்தேன். பரீட்சையோடு மறந்து போயிற்று.

மூலைக்கு நாலு

அன்று இரவு அப்பத்தா சொல்லச் சொல்ல நோட்டில் குறித்துக் கொண்டேன். மாரியம்மன் கோவிலுக்கு ஆடி வெள்ளிக்கு நடந்து வந்த சொந்தக்காரர்கள் வீடு நிறையப் படுத்திருந்தார்கள். நாங்கள் இருவரும் மட்டும் திண்ணையில்.

உச்சியில் இருக்கும் புலியைப் பூட்ட எத்தனை ஆடு வேண்டும்? அங்கிருந்து நான்கு கோடுகள் இறங்குகின்றன. ஒவ்வொரு கோட்டிலும் முதல் புள்ளியில் ஓர் ஆடு, அது தாண்டப்படாமல் இருக்க அதன் பின்னால் இன்னோர் ஆடு. ஆக எட்டு. இருக்கும் ஆடுகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு புலிக்கே செலவாகிவிடும். அதே புலி செவ்வகத்தின் மூலையிலோ அடிக் கோட்டின் முனையிலோ இருந்தால் இரண்டே கோடுகள். நான்கு ஆடுகள் போதும். முதல் சுவரில் என் புரோகிராம் செய்த பைத்தியக்காரத்தனம் இப்போது புரிகிறதா? புலி வந்து மாட்டிக் கொள்ள வேண்டிய ஆறு மூலைகளிலும் ஆட்டை உட்கார வைத்துவிட்டு, புலிகளை நடுவிலும் உச்சியிலும் சுதந்திரமாக விட்டிருந்தது.

"மூணு புலிக்கு மூணு மூலை. மூலைக்கு நாலு ஆடு. எத்தனையாச்சு?" என்றார் அப்பத்தா. பன்னிரண்டு. "மிச்சம் மூணு எதுக்கு இருக்கு?"

தீப்பெட்டி ஒட்டிய காலத்தில் 144 பெட்டி ஒரு குரோஸ் என்று எண்ணிப் பழகிய கை அது. கணக்கில் தப்பு வராது. அந்த மூன்று ஆடுகள், புலியை மூலைக்கு அழைத்து வருவதற்கான கூலி. மூலைக்கு முந்தின புள்ளியில் ஓர் ஆட்டை விட்டால், புலி அதைத் தாண்டி மூலையில் போய் இறங்கும். இறங்கியதும் பின்னால் அடைக்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். ஒரே பக்கத்தின் மேல் மூலையில் ஒரு புலி, கீழ் மூலையில் ஒரு புலி என்று மாட்டினால் எட்டு ஆடு தேவையில்லை, ஐந்தே போதும். நடுவில் நிற்கும் ஓர் ஆட்டைத் தாண்ட முடியாமல் இரண்டு புலிகளும் ஒன்றுக்கு ஒன்று வழியை அடைத்துக் கொள்ளும். படத்தில் வைத்துப் பாருங்கள், அழகாக இருக்கும்.

மறுநாள் காலை மதிப்பெண்ணை மாற்றி எழுதினேன். புலிகளுக்கு இருக்கும் ஒவ்வொரு நகர்வுக்கும் 1 கழி. ஒரு புலி முழுதாகப் பூட்டப்பட்டால் 10 கூட்டு. முதல் மூன்று ஆடுகள் செத்தால் எதுவும் கழிக்காதே. நான்காவது ஆட்டில் இருந்து தலைக்கு 25 கழி.

ஓட விட்டால், புரோகிராம் முதல் ஐந்து நிமிடத்திலேயே மூன்று ஆடுகளையும் வாரி வழங்கிவிட்டது! இலவசம் என்று நான்தானே சொன்னேன்? அப்பத்தா வயிற்றைப் பிடித்துக் கொண்டு சிரித்தார். "தர்மப் பிரபுல்ல வளத்து வச்சிருக்க!" முதல் மூன்றுக்கும் தலைக்கு 3 என்று விலை வைத்த பிறகுதான் அது ஒழுங்காக யோசிக்க ஆரம்பித்தது. கம்ப்யூட்டரிடம் ஒரு பொருளுக்கு விலை இல்லை என்று சொன்னால் அதைத் தூக்கிப் போட்டுவிடும், எச்சரிக்கை.

எல்ஃப் படைக்கும் இதே வைத்தியம்

அன்று மாலை சித்தப்பா மகன் வந்து ஒரு சந்தேகம் கேட்டான். அவன் மாயாஜாலப் போர் விளையாட்டுப் பிரியன். இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1983-ல் வெளியிட்ட வார்ஹாமர் என்ற மேஜைப் போர் விளையாட்டின் வழியில் வந்தவை நிறைய இருக்கின்றன. அவற்றில் கூர்மையான காதுகள் உள்ள எல்ஃப் படை அடிக்கடி வரும். இரு தரப்பும் ஒரே மொத்தப் புள்ளிகளுக்குப் படை திரட்டுவார்கள். எல்ஃப் வீரன் ஒருவனுக்கு விலை அதிகம், ஆகவே ஆள் குறைவு, ஆனால் வேகமும் திறமையும் அதிகம். கோப்ளின் மலிவு, கூட்டமாக வரும், தனியாக நின்றால் செத்தது. இவன் கோப்ளின்களை வைத்துக் கொண்டு எல்ஃப்களைக் கொன்று குவிக்கப் பார்த்துத் தோற்றுக் கொண்டே இருந்தான்.

திண்ணையில் உட்கார வைத்து, அப்பத்தாவோடு இரண்டு ஆட்டம் ஆடச் சொன்னேன். எல்ஃப் என்பது புலிதான். நேருக்கு நேர் மோதினால் ஒன்றுக்கு ஒன்று கணக்கில் எப்போதும் நஷ்டம். மலிவான ஆளை முன்னே விட்டுச் சிக்க வைக்க வேண்டும், திரும்பும் வழியை அடைக்க வேண்டும், நம் ஆள் ஒவ்வொருவனுக்கும் பின்னால் இன்னொருவன் இருக்க வேண்டும். எல்ஃப் எத்தனை பேரைக் கொன்றான் என்று பார்க்காமல், அவன் அடுத்து எங்கெல்லாம் போக முடியும் என்று பார்க்க வேண்டும். பையனுக்கு அப்பத்தாவை விட்டு எழுந்து வர மனமில்லை. இரண்டு ஆட்டம் ஐந்தாயிற்று.

எல்லா நிலைகளையும் எண்ணிவிட்டால்?

சில வாசகர்களுக்கு ஒரு கேள்வி எழலாம். இந்த ஆட்டத்தைக் கம்ப்யூட்டர் முழுவதுமாகவே கரைத்துக் குடித்துவிட முடியாதா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 23 புள்ளிகளில் 3 புலிகளை வைக்க 1,771 வழிகள். மிச்சம் 20 புள்ளிகளில் 15 ஆடுகளை வைக்க 15,504 வழிகள். பெருக்கினால் 2,74,57,584 நிலைகள். நிலைக்கு ஒரு பைட் என்று வைத்தாலும் சுமார் 27 மெகாபைட்தான். யாருடைய முறை என்பதையும் சேர்த்தால் இரட்டிப்பு. செல்போனில் எடுக்கும் ஒரு சின்ன வீடியோவுக்குள் அடங்கிவிடும். ஆடுகள் குறைந்த நிலைகளுக்கும் இதே போலப் போட வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே முயன்று பார்க்கக் கூடிய வேலை.

நம் ஆட்டத்தின் நேபாள உறவான பாக்சாலில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். ஐந்து ஆடுகளைத் தின்றால் புலிக்கு வெற்றி. லிம் இயூ ஜின், யூர்க் நீவெர்கெல்ட் ஆகிய இருவர் அதை ஆராய்ந்து, இரு தரப்பும் தவறு செய்யாமல் ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்று கம்ப்யூட்டர் மூலம் காட்டினார்கள். செக்கர்ஸ் ஆட்டத்துக்கும் அதே முடிவைத்தான் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோனதன் ஷாஃபர் குழு 2007-ல் அறிவித்தது. அவர்கள் அந்த வேலையை ஆரம்பித்தது 1989-ல்!

நான் அவ்வளவு தூரம் போகவில்லை. தவறே செய்யாத எதிராளியோடு அப்பத்தா இரண்டு நாளுக்கு மேல் ஆட மாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் கடைசி ஆட்டம். அப்பத்தா புலி, கம்ப்யூட்டர் ஆடு. முதல் ஆடு ஒன்பதாவது முறையில் போனது. அதைத் தின்ற புலி இடது பக்கக் கீழ் மூலையில் இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது ஆடு, இரண்டாவது புலி இடது பக்க மேல் மூலையில். அப்பத்தா கூழாங்கல்லை விரலால் தடவிக் கொண்டு சும்மா இருந்தார். மூன்றாவது ஆட்டைத் தின்னாவிட்டால் மூன்றாவது புலிக்கு நின்ற இடத்திலேயே பூட்டு. தின்றால் அடிக் கோட்டின் வலது முனை. தின்றார். இன்னும் நான்கு முறை. ஒன்பது ஆடுகள் மூன்று புலிகளையும் பூட்டி நின்றன, மிச்சம் மூன்று ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தன.

அப்பத்தா புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். வழி எதுவும் இல்லை என்று உறுதி செய்து கொண்டதும் புளியங்கொட்டைகளை எல்லாம் தன் பக்கமாகக் கூட்டி அள்ளினார்.

"இப்ப நான் ஆடு. அதைப் புலி எடுக்கச் சொல்லு."

புலிப் பக்கத்தை இன்னும் சரியாக எழுதவில்லை என்று சொன்னேன்.

"சரி, எழுதிட்டு வா. பொங்கலுக்கு வருவேல்ல?"